இடது கையால் செய்த கப்

1

இந்தக் கதைக்குக் காரணம் ஒரு கப். என் வீட்டுச் சமையலறையில் இருக்கிறது. கொஞ்சம் கோணல். அத்தை தினமும் காலையில் அதில்தான் டீ குடிக்கிறார். (அத்தை என்றால் என் மனைவியின் அம்மா. இப்போது நாங்கள் இருவரும் ஒரே வீட்டில் இருக்கிறோம். யார் யாரைப் பார்த்துக்கொள்கிறோம் என்பது இன்னும் முடிவாகவில்லை.)

அந்தக் கப்பைப் பற்றி அத்தையிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். வாய் வரை வருகிறது, நின்றுவிடுகிறது. அதனால் எழுதுகிறேன்.

அத்தை அச்சகத்தில் பிழை திருத்துபவராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் எதை எழுதினாலும் பென்சிலோடு வந்து உட்கார்ந்துவிடுவார். ஆகவே இந்தக் கதையை முடித்தால் அவரிடம் சொல்லியதாக ஆகிவிடும். முடிக்காத வரை சொல்லவில்லை. அங்கங்கே நான் இழுப்பதுபோல் தோன்றினால், காரணம் இதுதான்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'கடல் அன்று அமைதியாக —'

விட்டுவிட்டேன். அன்று நான் கடலைப் பார்க்கவே இல்லை.

இரண்டாவது: 'என் மனைவி இறந்து —'

இது உண்மையான வாக்கியம். ஆனால் இதை முதலில் வைத்தால் பின்னால் வரும் எதையும் யாரும் படிக்க மாட்டார்கள், இதையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். எனவே இங்கே ஓரமாகச் சொல்லிவிடுகிறேன். காலையில் தலை வலிக்கிறது என்றாள். மாலையில் அவள் இல்லை. எங்கள் இருவருக்குமே முப்பது ஆகியிருக்கவில்லை. இதைப் பற்றி இந்தக் கதையில் இவ்வளவுதான்.

மூன்றாவது: 'அழகிய கடற்கரை நகரம் அது.' இதை எழுதியபோது அத்தை என் தோளுக்குப் பின்னால் நின்றிருந்தார்.

"மாப்ள, 'அழகிய'ன்னு ஆரம்பிக்கிற கதையெல்லாம் அச்சகத்துல நாங்க கடைசியாதான் எடுப்போம்."

"ஏன்?"

"அவசரமே இருக்காது அதுல."

அதையும் விட்டுவிட்டேன். நான்காவது தொடக்கம் நீங்கள் மேலே படித்தது.

3

சென்ற ஆண்டு விடுமுறைக்கு நானும் என் மனைவியும் அந்தக் கடற்கரை ஊருக்குப் போனோம். விடுதிகள், மிதவை வளையம் விற்கும் கடைகள், எந்தக் கடைக்குள் போனாலும் காலடியில் மணல். வெயில் தாங்காமல் ஒரு பட்டறைக்குள் ஒதுங்கினோம். பீங்கான் பட்டறை. வருகிறவர்கள் தாங்களே ஒரு பொருள் செய்துவிட்டுப் போகலாம் என்று வாசலில் எழுதியிருந்தது.

உள்ளே இரண்டு சக்கரங்கள். ஒரு வாளியில் பழுப்புத் தண்ணீர். சுவர் நெடுகப் பலகைகள். அவற்றில் காய்ந்துகொண்டிருக்கும் கிண்ணங்கள், ஜாடிகள், யாரோ ஒருவர் யானை என்று நினைத்துச் செய்த ஏதோ ஒன்று. பட்டறைக்காரர் நாற்பது வயதுப் பெண்மணி. முழங்கை வரை மண். அவர் கணவர் கல்லாவில் உட்கார்ந்து, மண் படாமல் காலை மடக்கி வைத்திருந்தார்.

என் மனைவி எல்லோருக்கும் பட்டப்பெயர் வைப்பவள். கல்லாவில் இருந்தவருக்கு உடனே 'வெள்ளைச்சட்டை' என்று வைத்தாள். பிறகு சக்கரத்தின் முன் உட்கார்ந்தாள். சக்கரம் வேகமாகச் சுற்றியது.

"கொஞ்சம் மெதுவாப் போப்பா," என்றாள் சக்கரத்திடம்.

"அதுகிட்ட சொல்லி என்னம்மா ஆகப்போகுது? உங்க கால்தான் அமுக்குது," என்றார் பட்டறைக்காரர்.

ஒருவழியாக ஒரு கப் எழுந்தது. இடப்பக்கம் சாய்ந்தது. கைப்பிடியில் இரண்டு விரல்தான் நுழையும். மூன்றாவது விரலுக்கு லீவு என்றாள்.

"கோணலா இருக்கே," என்றேன்.

"நீ மட்டும் நேராவா இருக்க?"

[இங்கே எனக்கு ஒரு சந்தேகம். இந்த வசனம் அவள் சொன்னதா, நான் சேர்த்ததா? எழுத எழுத அவள் மேலும் மேலும் சாமர்த்தியமாகப் பேசுகிறாள். உண்மையில் அவள் பாதி நேரம் 'ம்' என்றுதான் சொல்வாள். அந்த 'ம்'மை எழுத எனக்கு வரவில்லை.]

கப் காய வேண்டும், சூளையில் ஒரு முறை சுட வேண்டும், கிளேஸ் என்ற கண்ணாடிப் பூச்சைப் பூசி இன்னொரு முறை சுட வேண்டும். அதற்குச் சில வாரங்கள் ஆகும். பார்சலில் அனுப்புகிறோம் என்றார் வெள்ளைச்சட்டை.

"வேணாம். நாங்களே வந்து வாங்கிக்கிறோம். திரும்ப வர்றதுக்கு ஒரு சாக்கு வேணும்ல," என்றாள் அவள்.

இது அவள் சொன்னதுதான். இதில் சந்தேகமில்லை.

4

அவள் இல்லாமல் போன பிறகு ஒரு நாள் வெள்ளைச்சட்டை போன் செய்தார். கப் தயாராகி ரொம்ப நாளாகக் காத்திருக்கிறது, பலகையில் இடமில்லை என்றார். நான் சரி என்று மட்டும் சொன்னேன். அந்த மாதங்களில் எல்லாவற்றுக்கும் சரி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். போகும் எண்ணம் இல்லை.

அத்தைதான் அனுப்பினார்.

"போய் எடுத்துட்டு வாங்க மாப்ள. அவ கையால செஞ்சது வேற என்ன இருக்கு நம்மகிட்ட? துணிமணியெல்லாம் இருக்கு. அத அவளா தைச்சா?"

போனேன். சீசன் முடிந்திருந்தது. மிதவை வளையங்களைக் காற்று இறக்கி அடுக்கியிருந்தார்கள். பட்டறைக்காரர் ஒரு செய்தித்தாள் பொட்டலத்தைப் பிரித்துக் கப்பை என் கையில் வைத்தார். வெளிர்நீலக் கிளேஸ். அதே சாய்வு. கைப்பிடியில் இரண்டு விரலுக்கு மட்டும் இடம்.

"முதல் தடவைக்கு நல்லாவே செஞ்சிருக்காங்க. மேடம் வரலையா?"

"அவங்க இப்ப இல்லைங்க."

"வெளியூரா?"

"இறந்துட்டாங்க."

அவர் கையை நீட்டி, என் கையிலிருந்த கப்பைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

5

"இத உங்களுக்குக் குடுக்க மாட்டேன்," என்றார்.

"ஏன்?"

"இது அவங்க செஞ்சது இல்ல சார்."

கல்லாவிலிருந்து வெள்ளைச்சட்டை எழுந்தே விட்டார். "ஏய், என்ன பேசுற நீ?"

"நீங்க சும்மா இருங்க."

"யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சட்டம் போட்டதே நீதானே?"

"நான் போட்ட சட்டம்தானே? நானே எடுக்கிறேன்."

பிறகு என்னிடம் சொன்னார். விடுமுறைக்கு வருகிறவர்கள் செய்யும் பொருட்களில் பாதி சூளையில் வெடித்துவிடும். அடி தடிமனாக இருக்கும், உள்ளே ஈரம் நிற்கும், காற்று அடைபட்டிருக்கும். உடைந்துவிட்டது என்று அவர்களுக்குச் சொல்வதில்லை. அதேபோல் இன்னொன்றைச் செய்து அனுப்பிவிடுவார். ஒவ்வொரு பொருளையும் சூளைக்குள் வைக்கும் முன் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்வது இதற்காகத்தான். இதுவரை யாரும் கண்டுபிடித்ததில்லை.

"அந்த யானையக்கூட மூணு தடவ செஞ்சேன். அது யானைதானான்னே எனக்கு இன்னும் தெரியல."

"என் மனைவியோட கப்?"

"முதல் சூட்டுலயே போயிடுச்சு. இத நான் செஞ்சேன். ஆனா உங்க மேடம் கை எனக்கு வரவே இல்ல. எவ்வளவு கோணலா இழுத்தாலும் கடைசில நேரா நின்னுடுது. என் கைக்குக் கெட்ட பழக்கம். ரெண்டு மூணு கெடுத்துட்டு, அப்புறம் இடது கையால செஞ்சேன். நானே ஒருமாதிரி மெதுவாப் போப்பா, மெதுவாப் போப்பான்னு சொல்லிக்கிட்டே செஞ்சேன் சார். அப்பதான் வந்துச்சு."

வெள்ளைச்சட்டை முணுமுணுத்தார். "அன்னைக்கு ராச்சாப்பாடும் லேட்டு."

எனக்கு அழுகை வரவில்லை. பல மாதங்களாகவே எதுவும் வந்திருக்கவில்லை. கோபம் வரும் என்று அவர் காத்திருந்தார், நானும் காத்திருந்தேன். வரவில்லை. யாரென்றே தெரியாத ஒருத்தியின் கை எப்படிப் போகும் என்று யோசித்து யோசித்து, ஒரு நல்ல கைக்காரர் ஒரு பகல் முழுக்கத் தன் கையைக் கெடுத்துக்கொண்டிருக்கிறார். அப்போது என் மனைவி இருந்தாளா, இல்லையா என்று எனக்குத் தெரியாது. கணக்குப் பார்க்கவும் விரும்பவில்லை.

"இந்தக் கப்பை எனக்குக் குடுங்க," என்றேன்.

"நான்தான் சொன்னேனே சார், இது —"

"தெரியும். இதுதான் வேணும். ரொம்ப நன்றிங்க."

சம்பிரதாயத்துக்குச் சொல்லாத நன்றி, அந்த வருடத்தில் அதுதான் முதல்.

6

கிளம்பும் முன், உடைந்த துண்டுகள் எங்கே என்று கேட்டேன். பொடித்து, பூந்தொட்டிக்கான மண்ணில் கலந்துவிடுவார்களாம். தொட்டிகளைக் கடற்கரை விடுதிகள் வாங்கிப்போகுமாம். பேருந்து நிலையத்துக்கு நடக்கும்போது ஒவ்வொரு விடுதி வாசலிலும் நின்றேன். எந்தத் தொட்டி என்று தெரியாது. எல்லாவற்றையும் பார்த்தேன். ஒரு காவலாளி, ரூம் வேணுமா சார் என்றார்.

[முந்தைய வரைவில் இந்த இடத்தை மாற்றியிருந்தேன். அவளுடைய உடைந்த கப்பின் பொடி, இந்தக் கப்பின் மண்ணில் கலந்திருப்பதாக எழுதியிருந்தேன். அப்படியானால் அத்தைக்கு நல்லது, கதைக்கும் நல்லது. எதற்கும் பட்டறைக்காரருக்குப் போன் செய்து கேட்டேன்.

"கப்புக்கு அந்த மண்ணு ஆகாது சார். சொரசொரன்னு இருக்கும், உதட்டக் கீறும்."

"கதைக்காகக் கேட்கிறேன்."

"கதைன்னா போட்டுக்கோங்க. உதட்ட மட்டும் பாத்துக்கோங்க."

போடவில்லை. அவர் ஒரு பொய்யைத் திரும்ப எடுத்துக்கொண்டார். நான் அந்த இடத்தில் இன்னொன்றை வைப்பது நன்றாக இருக்காது.]

7

அத்தை கப்பை வாங்கி ஜன்னல் பக்கம் கொண்டுபோனார். உள்ளே விரலை விட்டுச் சுற்றினார். சக்கரத்தில் செய்த கப்பின் உட்புறம் விரல் ஓடிய தடங்கள் இருக்கும். தன் விரலை அந்தத் தடத்தில் வைத்துக்கொண்டார்.

"அவ விரலு," என்றார். "கோணலப் பாருங்க. அவளேதான்."

நான் சொல்லியிருக்க வேண்டும். டீ போடப் போனேன்.

அன்றிலிருந்து தினமும் குடித்து முடித்ததும் கப்புக்குள் விரலை விட்டு ஒரு சுற்றுச் சுற்றுகிறார். அதன் பிறகுதான் கழுவப் போடுகிறார்.

இதை இப்படியே விட்டிருப்பேன். ஆனால் சென்ற வாரம் அத்தை அந்த ஊருக்கு இரண்டு பஸ் டிக்கெட் எடுத்து வந்தார்.

"அந்தப் பொண்ணப் பாத்து ரெண்டு வார்த்தை சொல்லிட்டு வரணும் மாப்ள. எம்பொண்ணு செஞ்சத இத்தனை மாசம் பத்திரமா வெச்சிருந்தாளே."

வரும் சனிக்கிழமை கிளம்புகிறோம். பட்டறைக்காரர் மறுபடி ஒளிக்க மாட்டார். கிளம்பும் முன் நானே சொல்லிவிட அது ஒரு காரணம். இன்னொரு காரணம், அத்தையின் நன்றி. பத்திரமாக வைத்திருக்க அந்தப் பெண்மணி ஒரு சிரமமும் படவில்லை. அவர் பட்ட சிரமம் வேறு. அத்தை தெரியாமலே நன்றி சொல்லிவிட்டு வந்தால், அந்த இடது கைக்குச் சேர வேண்டியது சேராமல் போகும்.

8

முடிவுகள்.

அ. அத்தை படிக்கிறார். கப்பைக் கழுவித் துடைத்து மேல்தட்டில் வைக்கிறார். மறுநாள் முதல் வேறு கப்பில் டீ. டிக்கெட் பற்றிப் பேச்சில்லை. (இது நடக்கலாம். இதை எழுதும்போது என் கை வேகமாக ஓடியது, எப்படியாவது கடந்துவிடலாம் என்று.)

ஆ. அத்தை படித்துவிட்டுச் சிரித்து, "எனக்கு முதல் நாளே தெரியும் மாப்ள," என்கிறார். இது எல்லோருக்கும் பிடிக்கும். கதைகளில் வயதானவர்களுக்கு எல்லாமே முன்பே தெரிந்திருக்கிறது. அத்தை பிழை திருத்துபவர், ஜோசியர் அல்ல. அவருக்குத் தெரியாது.

இ. நான் இதைக் காட்டவில்லை. பட்டறைக்காரரிடம் போனில் கெஞ்சி, வாயை மூடிக்கொள்ளச் சொல்கிறேன். எல்லோரும் சுகம். நான் மட்டும் தினமும் அந்தக் கப்பைக் கழுவ —

ஈ. அத்தை பட்டறையில் சக்கரத்தின் முன் உட்காருகிறார், பட்டறைக்காரர் அவர் கையைப் பிடித்து —

இல்லை. இது எனக்கு வேண்டிய முடிவு. அத்தையைக் கேட்காமல் அவரைச் சக்கரத்தில் உட்கார வைக்க நான் யார்?

9

மேலே உள்ள எட்டுப் பகுதிகளையும் சற்று முன் அத்தையிடம் கொடுத்துவிட்டேன். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து படிக்கிறார். இந்தப் பக்கம் உட்கார்ந்து நான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அச்சகத்துப் பேச்சு வரும் இடத்தில் சிரித்தார். "நான் சொன்னத அப்படியே போட்டுட்டீங்களா? ராயல்டி தரணும்." அடுத்த பக்கத்தில் பென்சில் ஒரு இடத்தில் நின்று, ஏதோ ஒன்றைத் திருத்தியது. பிறகு தலையைத் தூக்கினார்.

"அந்த 'ம்' எனக்கு நல்லாத் தெரியும். போன்ல பத்து நிமிஷம் பேசுவேன். பத்து நிமிஷமும் ம்முதான்."

"எழுத வரல அத்த."

"பரவால்ல. எனக்குக் கேக்குது."

திரும்பக் குனிந்துகொண்டார்.

இப்போது நான்காம் பகுதியில் இருக்கிறார். தான் பேசியதைத் தானே படித்துக்கொண்டிருக்கிறார்: அவ கையால செஞ்சது வேற என்ன இருக்கு நம்மகிட்ட. பட்டறைக்காரர் பொட்டலத்தைப் பிரிக்கப் போகிறார். அடுத்து என்ன வரும் என்று உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். இந்த வீட்டில் அத்தைக்கு மட்டும் இன்னும் தெரியாது.

டீ போட எழுந்து போக மாட்டேன். நீங்களும் உடனே எழுந்துவிடாதீர்கள். இவ்வளவு தூரம் கூட வந்ததற்கு நன்றி. இன்னும் கொஞ்சம் இருங்கள், நாற்காலி இருக்கிறது. அவர் தலையைத் தூக்கும்போது இங்கே யாராவது இருக்க வேண்டும்.

பக்கத்தைத் திருப்புகிறார்.