முன்வரிசை மூக்குக்காரர்

மலக்கி டியர்னி அவர்கள் அயர்லாந்தின் காரிக்மாய்ல் நகருக்கு வந்து அறுபத்தொரு ஆண்டுகள் ஆகியிருந்தன. வரும்போது அவருக்கு வயது ஆறு மாதம். பிறந்த ஊர், பதினோரு மைல் தள்ளி இருக்கும் நாக்ரூவா. ஆகவே அவர் வெளியூர்க்காரர். ஊரார் அவரிடம் மிகுந்த மதிப்பு வைத்திருந்தார்கள். துக்க வீடுகளில் சவப்பெட்டிக்குத் தோள் கொடுக்க அவரைத்தான் முதலில் அழைப்பார்கள். ஆனால் தேவாலயத்து மண்டபத்தில் தேநீர் வழங்கும்போது, ஊர்க்காரர்களுக்கு விளிம்பு உடைந்த பழைய கோப்பையும், விருந்தினருக்குத் தங்கக் கரை போட்ட கோப்பையும் தருவது வழக்கம். மலக்கிக்கு இன்றுவரை தங்கக் கரைதான்.

உள்ளூர் வரலாற்றுச் சங்கத்தின் செயலாளராக அவர் இருபத்திரண்டு ஆண்டுகள் உழைத்திருந்தார். இப்போது தலைவர் பதவி காலியாகியிருந்தது. அந்தப் பதவியை அவர் எவ்வளவு விரும்பினார் என்பதை, கூச்சத்தின் காரணமாக, யாரிடமும் சொல்லவில்லை. விதிப்புத்தகத்தில் இல்லாத ஒரு விதி குறுக்கே நின்றது. தலைவராக வருகிறவரின் முன்னோரில் ஒருவராவது காரிக்மாய்ல் தெருவில் நின்றிருக்க வேண்டும்.

எதிர்த்துப் போட்டியிட்டவர் கோல்மன் ஹன்ராட்டி. நான்கு தலைமுறையாக மதுக்கடை நடத்தும் குடும்பம். ஆங்கிலேய மன்னர் மோட்டாரில் இவ்வழியே சென்ற நாளில் ஊர் முழுவதும் கதவை அடைத்துக்கொண்டு உள்ளே இருந்தது என்பது காரிக்மாய்லின் தலையாய பெருமை. 'முதலில் அடைபட்ட கதவு இது' என்ற கல்வெட்டு ஹன்ராட்டியின் கடைச் சுவரில் பதிக்கப்பட்டிருந்தது.

மலக்கியின் தாத்தாவும் நாக்ரூவாவில் மதுக்கடை வைத்திருந்தவர்தான். அதே நாளில், அதே மன்னரின் மோட்டார் மீது முட்டைக்கோசு எறிந்து ஒரு வாரம் சிறையில் இருந்தவர். அந்தக் குற்றப்பத்திரிகையை மலக்கி கண்ணாடிச் சட்டமிட்டுத் தம் வீட்டுக் கணப்புக்கு மேலே மாட்டியிருந்தார். என்ன பயன்? எறிந்த இடம் நாக்ரூவா ஆயிற்றே.

தேர்தல் நாளான ஞாயிறன்று, நண்பகல் பூசை முடிந்ததும், தேவாலய மண்டபத்தில் 'பழைய அஞ்சலட்டைகளில் நம் ஊர்' என்ற கண்காட்சியை மலக்கி திறந்துவைத்தார். அதன் சிறப்பு ஓர் அட்டை. டப்ளின் சந்தையில் வாங்கிய பழைய ஆல்பத்தில், தாளோடு தாளாக ஒட்டிக் கிடந்தது. காரிக்மாய்ல் பெரிய தெருவில் நூறு பேர் தொப்பியைத் தூக்கியபடி ஒரே பக்கம் பார்த்து நிற்கிறார்கள். தலைக்கு மேலே கொடித் தோரணம். ஜெர்மனியில் அச்சானது. அயர்லாந்தைக் கனவிலும் காணாத யாரோ ஒருவர் அதற்கு வண்ணம் தீட்டியிருந்தார். கொடிகள் அத்தனையும் பச்சை. கழுதை மட்டும் ஊதா. அயர்லாந்தின் நிறமான பச்சையில் கொடிகளைக் கண்டதும், புனித பேட்ரிக் திருநாள் ஊர்வலம் என்று எல்லோரும் முடிவு செய்துவிட்டார்கள்.

மலக்கி அந்தப் படத்தைச் சுவரளவுக்குப் பெரிதாக்கி, அருகில் துண்டுச்சீட்டுகளும் குண்டூசிகளும் வைத்தார். தெரிந்த முகத்தில் பெயரைக் குத்தலாம். டியர்னி சாயலில் ஒரு முகமாவது கிடைக்காதா என்று அவர் மூன்று வாரமாகப் பூதக்கண்ணாடியும் கையுமாகத் தேடியிருந்தார். கிடைக்கவில்லை.

ஊரார் பாய்ந்து வந்தார்கள்.

"முன்வரிசையில பெரிய மூக்கோட நிக்கிறார் பாருங்க, அவர்தான் எங்க கொள்ளுத்தாத்தா!" என்றார் ஹன்ராட்டி. "யாராவது இல்லைன்னு சொல்லுங்க பார்க்கலாம்."

"யாரு சொல்லப்போறா?" என்றாள் ரொட்டிக்கடை டிம்ப்னா. "அந்த மூக்கு உனக்கு முன்னாடியே வந்து கடையைத் திறந்திடுமே!" பிறகு அவள் ஒரு பூத்தொப்பிப் பெண்மணியின் மேல் சீட்டைக் குத்தினாள். "இது எங்க பாட்டி."

"உங்க பாட்டிக்கு ஏதுடி அவ்வளவு நல்ல தொப்பி?" என்றாள் அவளுடைய நாத்தனார் பிரைடி. "அது எங்க பாட்டி. உங்க பாட்டி இரவல் கேட்டப்போ எங்க பாட்டி கொடுக்கல. அதுலேர்ந்துதான் பேச்சுவார்த்தையே இல்ல."

ஒரு மணிக்குள் நாற்பத்து மூன்று சீட்டுகள். கழுதைக்கும் உரிமையாளர் வந்துவிட்டார்.

"உங்க ஆளுங்க யாராவது இருக்காங்களா மலக்கி?" என்று ஹன்ராட்டி கனிவோடு விசாரித்தார்.

"தேடிக்கிட்டிருக்கேன்."

"பாவம், நாக்ரூவாக்காரங்களுக்கு வழி தெரிஞ்சிருக்காது."

தேநீர்க் கொதிகலனை ஆண்டுகொண்டிருந்தவர் அட்ராக்டா ஃபாலன், ஓய்வுபெற்ற தபால் அதிகாரி. அவர் ஆல்பத்தை எடுத்துப் புரட்டினார். "அட்டைக்குப் பின்னாடி என்ன எழுதியிருக்குன்னு யாருமே பார்க்கலையா?"

"ஒட்டிக்கிட்டிருக்குங்க," என்றார் மலக்கி. "பிரிச்சா கிழிஞ்சிடும்."

"நாப்பது வருஷம் தபால் ஆபீஸ்ல இருந்தவகிட்ட வந்து சொல்றீங்களே! ஆவியை எங்கே, எவ்வளவு நேரம் காட்டணும்னு எனக்குத் தெரியாதா?"

இந்த வாக்குமூலத்தை யாரும் பெரிதுபடுத்தவில்லை. கொதிகலனின் மூக்கருகே இரண்டு நிமிடம் பிடித்ததும் அட்டை சமர்த்தாகக் கழன்று வந்தது.

"சத்தமாப் படிங்க," என்றார் ஹன்ராட்டி. "மத்தவங்க கடிதாசியைப் படிக்கிறது உங்களுக்குப் புதுசா?"

"சத்தமாப் படிக்கிறது புதுசுதான்," என்ற அட்ராக்டா, கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார்:

"அன்புள்ள எத்தல், படத்தில் இருப்பது மேன்மைதங்கிய மன்னர் இவ்வழியே எழுந்தருளிய நாள்; காலை பதினொன்றேகால் மணி. ஊரே திரண்டு ஆரவாரம் செய்தது. முன்வரிசையில் பெரிய மூக்குள்ள மதுக்கடைக்காரர் ஒருவர் ஆனந்தத்தால் தேம்பித் தேம்பி அழுதார். தம் தொப்பியை மோட்டாருக்குள்ளேயே எறிந்துவிட்டார்."

சீட்டுக் குத்தியவர்கள் எல்லோரும் மறுபடி சுவரைப் பார்த்தார்கள்.

முதலில் அசைந்தவள் டிம்ப்னா. "வெளிச்சத்துல பார்த்தா இது எங்க பாட்டி மாதிரி இல்ல. பிரைடி, நீ சொன்னதுதான் சரி. உங்க பாட்டியேதான்."

"ஐயையோ, வேண்டவே வேணாம்! நீதானே முதல்ல குத்தின. நீயே வெச்சுக்க."

"தொப்பி கூட உங்களுதுன்னியே!"

"தொப்பியைப் பத்தி எனக்கு என்னடி தெரியும்?"

சீட்டுகள் ஒவ்வொன்றாகச் சட்டைப்பைகளுக்குள் மறைந்தன. கழுதையின் சீட்டு மட்டும் மிஞ்சியது; அதன் உரிமையாளர், கழுதைக்கு அரசியல் கிடையாது என்று அறிவித்துவிட்டார்.

"அப்போ இவங்கல்லாம் யாரு?" என்று கேட்டார் அட்ராக்டா.

நாற்பது முகங்கள் மெல்ல மலக்கியை நோக்கித் திரும்பின.

"மலக்கி," என்றார் ஹன்ராட்டி. அவர் குரல் பூசையின்போதுகூட அவ்வளவு பணிவாக இருந்ததில்லை. "அந்தக் காலத்துல நாக்ரூவாவிலேர்ந்து காலையில ரயில் வரும், இல்லையா?"

"வரும்."

"அதுல வந்திருப்பாங்க! நாங்க எல்லாரும் கதவைச் சாத்திக்கிட்டு உள்ளே இருந்தோம். தெரு காலியாக் கிடந்தது. உங்க ஊர்க்காரங்க இறங்கி வந்து நின்னுட்டாங்க. தப்பா எடுத்துக்காதீங்க."

மலக்கி சுவரைப் பார்த்தார். வீட்டுக் கணப்புக்கு மேலே இருக்கும் குற்றப்பத்திரிகை அவர் நினைவுக்கு வந்தது. இவர்கள் கதவடைத்த கதை பொய், தம் தாத்தாவின் முட்டைக்கோசு மெய் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பிறகு ஹன்ராட்டியின் முகத்தைப் பார்த்தார். வியர்த்திருந்தது, மூக்கின் நுனியில் ஒரு துளி தொங்கியது. அதற்குப் பின்னால் மேடையில் தலைவரின் நாற்காலி காலியாக இருந்தது.

மன்னிச்சுக்குங்க தாத்தா என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டு, அவர் ஒரு சீட்டில் 'டியர்னி' என்று எழுதினார். முன்வரிசை மூக்குக்காரர்மேல் குத்தினார்.

"எங்க தாத்தா," என்றார். "நாக்ரூவாவில கடை வெச்சிருந்தார்."

"ஆனா உங்க மூக்கு..." என்று தொடங்கிய பிரைடியின் காலை டிம்ப்னா மிதித்தாள்.

"எங்க பாட்டி வழியில வந்து குறைஞ்சுபோச்சு."

ஹன்ராட்டி அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார், விடவேயில்லை. "கேட்டீங்களா? டியர்னி குடும்பம் நம்ம தெருவில நின்னது போட்டோவோட நிரூபணம் ஆயிடுச்சு! நான் போட்டியிலேர்ந்து விலகிக்கறேன். மலக்கிதான் தலைவர். ஆட்சேபணை உண்டா?"

ஒருவருக்கும் இல்லை. சங்கத்தின் வரலாற்றில் அவ்வளவு வேகமாக ஒரு தேர்தல் முடிந்ததில்லை.

கூட்டம் ரொட்டியும் பன்றி இறைச்சியும் தேடி நகர்ந்ததும், மலக்கி கொதிகலனருகே வந்தார். அட்ராக்டா குரலைத் தாழ்த்தினார். "உங்க தாத்தா அன்னைக்கு லாக்கப்புலதானே இருந்தார்? ஜாமீனுக்குப் போன தந்தியை எங்க அம்மாதான் அடிச்சாங்க."

மலக்கியின் காதுகள் சிவந்தன. "அதைக் கொஞ்சம்..."

"தபால் ஆபீஸ்காரி எதையும் வெளியே சொல்ல மாட்டா," என்றார் அட்ராக்டா. அவர் கை பழக்கத்தின்படி தங்கக் கரைக் கோப்பையை நோக்கிப் போயிற்று; பாதியில் நின்றது; திரும்பியது. விளிம்பில் இரண்டு இடம் உடைந்து, பிடியும் சற்றே ஆடும் ஒரு கோப்பையில் தேநீரை ஊற்றி நீட்டினார்.

"பார்த்துக் குடிங்க தலைவரே, உதட்டைக் கிழிச்சிடும்."