கண்ணாடிச் சட்டமும் ஒரு கேன் நல்ல தண்ணியும்

ஜெனிஷ் ஸ்க்ரூ டிரைவரும் கையுமாகப் படகில் ஏறிய அன்றே தெருவில் பாதிப் பேருக்கு வேலை ஓடவில்லை. வீட்டோடு மாப்பிள்ளை ஒருவன் மாமனாரின் படகில் கை வைக்கிறான் என்றால் சும்மாவா? எதிர்வீட்டு மங்கம்மா முறத்தைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கே வந்துவிட்டாள். முறத்தில் அரிசி இருந்ததா என்று யாரும் பார்க்கவில்லை.

இராயப்பனுக்கு மரக்காணம் உப்பளத்தில் பாத்திகள் உண்டு, டோமினிக் என்று ஒரு மகன் உண்டு, ஜான்சி என்று ஒரு மகள் உண்டு, ரிசார்ட் ஒன்று மூடியபோது வாங்கிய ஸ்பீடு போட் உண்டு, கடைசியாக, ஜான்சியைக் கட்டிய இடையஞ்சாவடி ஜெனிஷ் உண்டு. அந்த வீட்டில் சோறு போடுகிற வரிசையும் ஏறக்குறைய இதுதான். படகு சோறு தின்னாது என்பதால் அவனுக்கு ஓர் இடம் முன்னால் கிடைத்தது.

ஆரோவில் பட்டறை ஒன்றில் அலுமினிய ஜன்னலுக்குப் பெயிண்ட் அடிக்கிறவன் ஜெனிஷ். கெட்டிக்காரன்தான். ஆனால் அதை அவன் வாயாலேயே சொல்லிக்கொள்வான், அதுதான் வினை. "எங்க பட்டறையில..." என்று அவன் ஆரம்பித்தால் டோமினிக் பெரிதாக ஒரு கொட்டாவி விடுவான். கல்யாணமாகி ஒரு மழைக்காலம் போவதற்குள் தெருப் பிள்ளைகளெல்லாம் "எங்க பட்டறை மாமா" என்றுதான் கூப்பிட்டார்கள்.

சனி ஞாயிறுகளில் சென்னைக்காரர்களை ஏற்றிக்கொண்டு உப்பங்கழியைச் சுற்றிக் காட்டுவது அந்தப் படகு. ஸ்டியரிங் டோமினிக்குடையது. ஓட்டுவான், செல்ஃபிக்குச் சிரிப்பான், கழுவ மட்டும் மாட்டான். முன்கண்ணாடியைச் சுற்றியிருந்த அலுமினியச் சட்டம் உப்புக் காற்றில் அம்மை போட்ட முகம்போல ஆகிவிட்டது. கறுப்புப் பூச்சு உரிந்து, உள்ளே வெள்ளை வெள்ளையாய்ப் பொரிந்து கிடந்தது.

இந்த நேரம் பார்த்துத்தான், மாதா திருவிழாவுக்கு அவள் சிலையான சுரூபத்தை ஏற்றிக் கழியில் பவனி வர இராயப்பன் படகையே எடுத்துக்கொள்வதாகப் பங்குச் சாமியார் பூசையில் அறிவித்தார். இராயப்பன் கோயிலிலிருந்து நேரே படகுக்குப் போய்ச் சட்டத்தைத் தடவிப் பார்த்தார். கையெல்லாம் வெள்ளைப் பொடி.

"இன்னாடா இது? மாதா இந்தச் சொறிக் கண்ணாடி வழியாத்தான் ஊரைப் பார்க்கணுமா?" என்று மகனிடம் கத்தினார்.

"நான் சரி பண்ணித் தர்றேன் மாமா" என்றான் ஜெனிஷ். "எங்க பட்டறையில..."

டோமினிக் கொட்டாவி விட்டான். இராயப்பனுக்கு அது பொறுக்கவில்லை. மகன் மேலிருந்த கோபத்தில், தெருவே கேட்கச் சொல்லிவிட்டார். "மாப்ள, நீ இதைப் புதுசா ஆக்கிக் காட்டு. மாதாவை ஏத்துற அன்னிக்கு ஸ்டியரிங்கை நீயே பிடி. அதுக்கப்புறம் படகு உன் கையிலதான்."

இராயப்பன் சொன்ன சொல்லை மாற்றுகிறவர் இல்லை. அன்று ஜெனிஷ் சாப்பிட உட்கார்ந்தபோது ஜான்சி கேட்காமலே இரண்டாவது மீன் துண்டு வைத்தாள். ஒரு ஸ்டியரிங் வந்தால் தட்டில் என்னென்ன வரும் என்று அவனுக்கு அப்போதே விளங்கிவிட்டது. அந்த வீட்டில் அவன் இதுவரை யாருக்கும் கைகாட்டி "இங்க உட்காரு" என்று சொன்னதில்லை. படகில் சொல்லலாம்.

வேலையை அவன் ஒழுங்காகத்தான் செய்தான்; அதில் குறை சொன்னால் வாய் அழுகிப்போகும். கண்ணாடியைக் கழற்றினான், ரப்பர் பீடிங்கை உருவினான், சட்டத்தைக் கொல்லைப்புற ஷெட்டில் வைத்துப் பழைய பூச்சைச் சுரண்டினான். முதலில் முரட்டு எமரித் தாள், அப்புறம் நைஸ் எமரித் தாள். பொரிந்த குழிகளை ஒவ்வொன்றாகத் தேய்த்தான். தேய்க்கத் தேய்க்கச் சட்டம் புது எவர்சில்வர் மாதிரிப் பளபளத்தது. மங்கம்மா எட்டிப் பார்த்து, "ஏம்பா, பொண்டாட்டி முதுகைக்கூட இப்படித் தேய்ச்சிருக்க மாட்டியே" என்றாள். அவனும் சிரித்தான். சந்தோஷமாக இருந்த நாட்கள் அவை.

பிரைமர் அடிக்கிற காலையில்தான் அவன் தன் வாயால் கெட்டான்.

"மச்சான், கடைசி அலசல் மட்டும் நல்ல தண்ணியில இருக்கணும்" என்று டோமினிக்கிடம் சொன்னான். "உப்பு துளி இருந்தாலும் போச்சு. அடிக்கும்போது ஒண்ணும் தெரியாது, பத்து நாள் கழிச்சுக் கொப்புளம் கொப்புளமா எழும்பிடும். எங்க பட்டறையில இதுக்குன்னே தனியா..."

டோமினிக் அன்றைக்குக் கொட்டாவி விடவில்லை. முழுசாகக் கேட்டுக்கொண்டான். "நீ ஏன் மாப்ள அலையிற? நான் கொண்டாறேன்" என்று காலி வாட்டர் கேனைப் பைக்கில் வைத்துக்கொண்டு போனான்.

எங்கே போனான் என்று தெருவுக்கே தெரியும். உப்புத் தண்ணி இறைக்கிற உப்பளத்து போர்வெல் இருப்பது தெருமுனையில்தானே. அங்கே பைக்கை நிறுத்தினான், கேனை நிரப்பினான், நீல மூடியை அழுத்தி மூடினான், திரும்பி வந்தான். பார்த்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சொல்லலாம்தான். ஆனால் அவரவருக்கு அடுப்பில் வேலை இருந்தது.

இந்தத் தெருவில் எந்தப் பெண்ணும் தண்ணீரை விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்க்காமல் குடத்தில் ஊற்ற மாட்டாள். லாரித் தண்ணியானாலும் சரி, குழாய்த் தண்ணியானாலும் சரி, அம்மா வீட்டிலிருந்தே வந்தாலும் சரி. பால் குடிக்கிற குழந்தைக்குக்கூட அந்தப் பழக்கம் வந்துவிடும். இடையஞ்சாவடியில் போரைத் திறந்தாலே குடிக்கிற தண்ணீர். அங்கே பிறந்தவனுக்கு நாக்கு சாப்பிட மட்டும்தான்.

"நல்ல தண்ணிதான மச்சான்?"

"பார்த்தாத் தெரியல? சும்மா கண்ணாடி மாதிரி இருக்குது."

ஜெனிஷ் கேனைச் சாய்த்துச் சட்டத்தை ஆசை ஆசையாக அலசினான். சந்து பொந்தெல்லாம் விட்டான். ஷெட்டுக்குள்ளேயே, காற்றுப் படாமல், துணி கட்டிக் காயவைத்தான். வெளியே வைத்தால் உப்புக் காற்றாம். அவ்வளவு முன்ஜாக்கிரதை. பிரைமர், அதன்மேல் கறுப்பு ஸ்ப்ரே, அதன்மேல் பளபளப்பு. மாட்டி முடித்தபோது இராயப்பனே ஒரு முறை சுற்றி வந்து, "பரவாயில்ல மாப்ள, கடையில வாங்கின மாதிரி இருக்குது" என்றார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வந்து தெருவே கேட்டதில்லை.

பத்து நாளும் அவன் ராஜாதான். சாயங்காலங்களில் படகில் உட்கார்ந்து, எஞ்சினைப் போடாமலே ஸ்டியரிங்கைத் திருப்பிப் பார்த்தான். பவனிக்கென்று வெள்ளைச் சட்டை எடுத்தான். டோமினிக் மட்டும் தினமும் சட்டத்தைத் தடவிப் பார்த்துவிட்டுப் போனான். "ஃபினிஷிங் சூப்பர் மாப்ள" என்பான்.

திருவிழாவுக்கு முந்தைய இரண்டு நாள் மூட்டமும் புழுக்கமும். பவனியன்று காலை படகின் மேல் மூடியிருந்த தார்ப்பாயை எடுத்தபோது சட்டம் முழுக்கக் கொதிக்கிற எண்ணெய் தெறித்த தோல்போலக் கொப்புளம். இராயப்பன் கட்டைவிரலால் ஒன்றை அழுத்தினார். கறுப்புத் தோல் அப்படியே உரிந்து அவர் விரலோடு வந்தது.

"இதுதான் உங்க பட்டறையா?"

ஜெனிஷ் கிட்டே போய்ப் பார்த்தான். உரிந்த இடம் ஈரமாக இருந்தது. சட்டென்று என்னவோ தோன்ற, விரலால் தொட்டு நாக்கில் வைத்தான். அவன் முகம் போன போக்கைப் பார்த்து மங்கம்மாவுக்கு அடக்க முடியவில்லை.

"இப்ப நக்கி இன்னாப்பா பிரயோஜனம்? கேன் வந்த அன்னிக்கே நக்கியிருக்கணும்!"

கரையில் கூடியிருந்த கூட்டம் கொல்லென்று சிரித்தது. பாடல்குழு சிரித்தது. கொடி பிடித்தவர்கள் சிரித்தார்கள். அப்படியானால் எல்லாருக்கும் தெரியும். அவன் டோமினிக்கைப் பார்க்கவில்லை, ஜான்சியைத்தான் தேடினான். பட்டுப்புடவையில், கை நிறையப் பூவோடு நின்றுகொண்டிருந்தாள்.

"உனக்கும் தெரியுமா?"

அவள் பூவைப் பார்த்தபடியே சொன்னாள். "அண்ணன் போர்ல பிடிக்கும்போது நான் அந்த வழியாத்தான் கடைக்குப் போயிட்டிருந்தேன்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே ஜான்சி."

"நாளைக்கு ஒரு சண்டைன்னா நீங்க உங்க ஊருக்குப் போயிடுவீங்க. எனக்கு எங்க அண்ணன் வேணும்ல?"

"நான் எங்கடி போகப்போறேன்?"

பக்கத்தில் நின்றவள் ஜான்சியின் காதில் ஏதோ சொல்ல, இவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். அந்த மட்டுக்கும் மரியாதை இருந்தது.

இராயப்பனுக்கும் கூட்டத்தின் சிரிப்பிலேயே விஷயம் விளங்கிவிட்டது. மகனை ஒரு பார்வை பார்த்தார். அதில் கோபம் கொஞ்சம்தான். பிள்ளை கெட்டிக்காரன் என்கிற நினைப்பே அதிகம். "புதுசா ஆக்கினா ஸ்டியரிங்னு சொன்னேன். ஆகல. நீ ஏறுடா டோமினிக்" என்றார். சொன்ன சொல்லை மாற்றுகிறவர் இல்லை அவர்.

கொப்புளத்துக்கு என்ன செய்வது? கஷ்டமே இல்லை. ஜான்சியும் மற்றப் பெண்களும் சாமந்திச் சரத்தைச் சட்டத்தைச் சுற்றிச் சுற்றிக் கட்டினார்கள். ஜிகினாத் தாளும் ஒட்டினார்கள். ஒரு பொட்டு அலுமினியம் வெளியே தெரியவில்லை. பழைய சொறிச் சட்டத்தையே விட்டிருந்தாலும் இதையேதான் கட்டியிருப்பார்கள். சாமியார் வந்து பார்த்து, "அலங்காரம் பிரமாதம்" என்று டோமினிக்கின் தோளைத் தட்டினார்.

சுரூபம் ஏறியது. மாதா ஏறும் படகில் செருப்போடு ஏறக் கூடாது என்று எல்லாரும் கரையிலேயே கழற்றிப்போட்டுவிட்டு ஏறினார்கள். ஜெனிஷும் செருப்பைக் கழற்றி, புது வெள்ளைச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு தண்ணீரில் ஒரு காலை வைத்தான்.

ஸ்டியரிங்கில் இருந்த டோமினிக் திரும்பிப் பார்த்துக் கைகாட்டினான். "இடம் இல்ல மாப்ள. செருப்பைப் பார்த்துக்க. நாய் தூக்கிட்டுப் போயிடும்."

வேட்டு வெடித்தது. பாட்டு எடுத்தார்கள். கழி முழுக்கப் படகுகள் வரிசை கட்டி மாதாவின் பின்னால் போயின. கரையில் குவிந்து கிடந்த செருப்புகளுக்கு நடுவே அவன் நின்றான். போய்விடலாம் என்று ரோட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தான். பஸ் ஒன்று நின்று, ஆள் இறக்கி, கிளம்பியும் போனது. அவன் காலெடுக்கவில்லை.

அதில் இறங்கியவர்கள் கீழ்புத்துப்பட்டுக்காரர்கள். பவனிக்கு நேரமாகிவிட்ட பதற்றத்தில், தண்ணீர் ஓரமாக நின்றாவது மாதாவைக் கும்பிட ஓடி வந்த ஓர் அம்மாள் செருப்பைக் கழற்றிக்கொண்டே அவனை ஏற இறங்கப் பார்த்தாள். வெள்ளைச் சட்டையும், காலடியில் அத்தனை செருப்பும்.

"தம்பி, செருப்புக்கு டோக்கன் தர்றீங்களா?"

ஜெனிஷ் குனிந்து அவள் செருப்பை ஜோடி சேர்த்து ஓரமாக வைத்தான்.

"டோக்கன் இல்லீங்க. சும்மா விட்டுட்டுப் போங்க, நான் இங்கதான் இருப்பேன்."