மாமாவுக்காக எழுதிய பரீட்சை

அம்மோனியா கசிந்தால் என்ன செய்வது என்ற பயிற்சியை எல்லோரும் செல்போனிலேயே முடிக்க வேண்டும் என்று குளிர்கிடங்கு நிர்வாகம் சொன்ன அன்று, அக்காவின் கணவர் தன் போனை மைத்துனியிடம் நீட்டினார்.

"எனக்கும் சேத்து நீயே தட்டி விட்டுடு. அந்த வீடியோ ஆரம்பிச்சாலே கண்ணு சொக்குது."

"தாலாட்டுன்னு நெனச்சீங்களா மாமா?"

சிரித்தபடியே வாங்கிக்கொண்டாள். அவளும் அதே கிடங்கில்தான் பெட்டிகளுக்குச் சீட்டு ஒட்டினாள். தன் பாடத்தை முடித்திருந்ததால் பதில்கள் விரல்நுனியில் இருந்தன. மாமாவின் பெயரில் நூற்றுக்கு நூறு விழுந்தது.

அதிக மதிப்பெண் எடுத்தவரையே அவசரக் குழுத் தலைவராக போனிலிருந்த அந்தப் பயிற்சிச் செயலி தேர்ந்தெடுத்தது. மாமாவின் படம் வாசல் திரையில் ஓடியது. "வாத்தியாரே, வழிவிடுங்க!" என்று சுமை ஏற்றுபவர்கள் கும்பிட்டார்கள். அக்கா அக்கம்பக்கமெல்லாம் சொல்லிவிட்டு வந்தாள். பரீட்சையை எழுதிய தங்கையோ உண்மையை நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று தினமும் நினைத்தாள்.

ஒரு பிற்பகல் அம்மோனியா கசிவு மணி அலறியது. எல்லோரும் முற்றத்துக்கு ஓடினார்கள். இயந்திர அறைக்குள் போய் வால்வை மூட வேண்டும். மேற்பார்வையாளர் முகமூடியை மாமாவின் கையில் திணித்தார். கூட்டமே பார்த்துக்கொண்டிருந்தது. மாமா அதைத் தலையில் மாட்டினார். அடர்ந்த தாடிமேல் ரப்பர் விளிம்பு படியாமல் தூக்கிக்கொண்டு நின்றது. தாடி இருந்தால் வாயு உள்ளே புகுந்துவிடும், முகமூடியைப் போட்டுக்கொண்டு போகவே கூடாது. பாடத்தில் வந்த கேள்விதான். மாமாவின் பெயரில் அதற்குச் சரியான பதிலைப் போட்டதே அவள்தான்.

"போகாதீங்க மாமா!"

"நூறு மார்க் வாங்கினவருக்கு நீ பாடம் எடுக்கிறியா?" என்றார் மேற்பார்வையாளர்.

"அந்தப் பரீட்சைய எழுதினது நான் சார். அவருக்கு ஒண்ணும் தெரியாது."

மாமா முகமூடியைக் கழற்றினார். பக்கத்துக் கட்டடத்திலிருந்த, இந்தப் பயிற்சியை முடித்த மெக்கானிக்கைப் போனில் கூப்பிட்டார்கள். அவர் ஓடி வந்தார், ஒன்றும் கேட்கவில்லை, முகமூடியை மாட்டிக்கொண்டு உள்ளே போனார்.

"ரெண்டு கேள்வியாவது தப்பா போட்டிருக்கக் கூடாதா?" என்று மாமா முணுமுணுத்தார். கோபமா வேடிக்கையா என்று தெரியவில்லை. அவள் கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள். தன்னால் ஒரு மனிதர் அந்தக் கதவுக்குப் பின்னால் இருக்கிறார். அது திறக்கும்வரை அவளுக்கு வேறு உலகமே இல்லை.

வால்வை மூடிவிட்டு மெக்கானிக் வெளியே வந்தபோது சட்டை வியர்வையில் உடம்போடு ஒட்டியிருந்தது. மேற்பார்வையாளர் அவளையும் மாமாவையும் அலுவலகத்துக்கு வரச் சொல்லிவிட்டு நடந்தார். அவள் முதலில் தண்ணீர் பாட்டிலைத் திறந்து மெக்கானிக்கிடம் கொடுத்தாள். அவர் ஒரே மூச்சில் பாதியைக் குடித்தார்.

"ரொம்ப நன்றிம்மா. ஆமா, இன்னைக்கு உங்க மாமாதானே போயிருக்கணும்? அவருக்கு உடம்புக்கு ஏதாவது முடியலையா?"

அவளால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"இல்லண்ணே," என்றாள். "உக்காருங்க, சொல்றேன்."