முன் சீட்டுக்கும் பின் சீட்டுக்கும் உள்ள தூரம்

"ஏசியக் கொஞ்சம் குறைங்க, கால் சில்லுன்னு இருக்கு" என்று டிரைவரின் மனைவி காரில் சொன்னது, அவள் இறந்த இரண்டாம் வருடம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை மேம்பாலம் ஏறும்போது அவர் காதில் விழுந்தது. அவர் உடனே ஏசியைக் குறைத்தார். "குறைச்சிட்டேம்மா, இப்ப பரவால்லயா?" என்றும் கேட்டார். பின் சீட்டில் யாரும் இல்லை. வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது, இருந்தாலும் வீடு வந்து சேரும்வரை அவர் மறுபடி அதைக் கூட்டவில்லை. எங்கள் தெருவில் இதைக் கேட்டு யாரும் வாயைப் பிளக்கவில்லை. அந்த வண்டியில் முன் சீட்டுக்கும் பின் சீட்டுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்பது எல்லோருக்கும் ஏற்கெனவே தெரியும்.

டிரைவர் என்பது அவர் செய்த வேலை. நாளடைவில் அதுவே பெயராகிவிட்டது. பெயின்ட் கம்பெனி முதலாளி ஒருவருக்கு மீசை கறுப்பாக இருந்த காலத்தில் கார் ஓட்டத் தொடங்கி, அது முழுதும் வெளுத்தபின் நிறுத்தியவர். அந்த வேலைக்கென்று சில முறைகள் உண்டு. பின்னால் இருப்பவர் கேட்டாலொழியப் பேசக்கூடாது. அவர் போனில் யாரைத் திட்டினாலும், யாரிடம் கெஞ்சினாலும் அதைக் காதில் வாங்கக்கூடாது. உள் கண்ணாடி பின்னால் வரும் லாரியைப் பார்ப்பதற்கு, பின்னால் இருக்கும் முகத்தைப் பார்ப்பதற்கு அல்ல. மரியாதைப்பட்டவர் உட்காரும் இடம் பின் சீட்டில் டிரைவருக்கு எதிர்மூலை. முன் சீட்டு பைக்கும் குடைக்கும் சாப்பாட்டு டப்பாவுக்கும். டிரைவர் இதையெல்லாம் வேதவாக்காக வைத்திருந்தார். ஆனால் முதலாளியின் மனைவி அந்த எதிர்மூலையில் சாய்ந்துகொண்டு, யாருக்கோ சொந்தமான ஊரைப் பார்ப்பதுபோல் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு வருவதை மட்டும் பார்க்காத மாதிரி பார்த்திருக்கிறார். தன் மனைவியையும் ஒருநாள் அப்படி உட்காரவைக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டார். வேறு பெரிய ஆசை எதுவும் அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

ஓய்வு பெற்றதும் கைக்கு வந்த பணத்தை அப்படியே கொண்டுபோய் புத்தம்புது செடான் ஒன்றில் போட்டார். அதுவும் இருப்பதிலேயே நீளமானது. இரண்டு பேருக்கு எதற்குக் கப்பல் என்று மகள் கேட்டாள். வழக்கமான வெள்ளைச் சட்டையில் ஷோரூமுக்குப் போனதால், விற்பனைப் பையன் இவரை ஒரு ஓரமாக உட்காரச் சொல்லிவிட்டு, "சார் எப்ப வருவாரு?" என்று விசாரித்தான். "சார் வரமாட்டாரு. மேடம் வந்திருக்காங்க" என்று டிரைவர் தன் மனைவியைக் காட்டினார். பையன் அசடு வழிந்துகொண்டே ஓடிப்போய் முன் கதவைத் திறந்துவிட்டான். அவள் ஒரு காலை உள்ளே வைத்தும்விட்டாள். டிரைவர் அவள் முழங்கையைத் தொட்டு நிறுத்தி, "அது பை வைக்கிற இடம்மா" என்று சொல்லி, பின் கதவைத் திறந்து ஒரு கையை மேல்விளிம்பில் வைத்துக்கொண்டு, தலை இடிக்காமல் அவளை எதிர்மூலையில் ஏற்றினார். அவள் ஒரு கணம் முன் சீட்டைப் பார்த்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்ததும் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

வண்டி வீட்டுக்குள் அடங்கவில்லை. கேட்டைக் கழற்றிச் சுவரில் சாய்த்துவைத்த பிறகும் டிக்கி தெருவுக்கு நீட்டிக்கொண்டிருந்தது. சைக்கிளில் வருகிறவர்கள் அதற்கென்று ஒரு வளைவு எடுத்துப் பழகினார்கள். எதிர் வீட்டுத் தையல்காரர், பேன்ட் துணி வெட்டுவதற்கு மேசை பற்றவில்லை, டிக்கியை வாடகைக்குத் தருவாரா என்று ஒவ்வொரு நாளும் கேட்டார். டிரைவர் தினமும் காலையில் வண்டியைத் துடைத்தார். மனைவி சமையலறை ஜன்னலிலிருந்து, இவ்வளவு அக்கறையாகத் தன் முதுகைக்கூட யாரும் தேய்த்ததில்லை என்று சொல்லிக் காட்டுவாள்.

அவள் அச்சகத்தில் காகிதம் மடிக்கிறவள். அங்கே மெஷின் சத்தத்தில் பேச முடியாது, வீட்டில் டிவி சத்தத்தில் முடியாது. கதவை மூடினால் ஊசி விழுந்தாலும் கேட்கிற அந்த வண்டிக்குள்தான் அவளுக்குப் பேச்சு வந்தது. முதல் மாதமே, கோளாறு இருப்பது தெரிந்தது. பஸ் நிலையத்தருகே அவள் தும்மினால் தபால் ஆபீஸ் தாண்டிய பிறகுதான் முன்னால் கேட்டது. "ஜலதோஷமா?" என்று அவர் கேட்டது, திரும்பி வரும் வழியில் அவளுக்குக் கேட்டது. மெக்கானிக்கைக் கூட்டிவந்து காட்டினார்கள். அவர் முன் சீட்டில் உட்கார்ந்து, பின் சீட்டில் தையல்காரரை உட்காரவைத்து, தையல்காரருடைய டேப்பாலேயே அளந்தார். அளவு கம்பெனி சொன்னதுதான், ஒரு நூல் கூடவில்லை. "டேப்ப விட்டுருங்க" என்று மெக்கானிக் சொன்னது மட்டும் போய்ச் சேரவில்லை. அவர் டீ குடித்துவிட்டு வந்தபோதும் தையல்காரர் நுனியைப் பிடித்தபடியே இருந்தார், கையால் சைகை காட்டிய பிறகுதான் விட்டார். "பெரிய வண்டி. ஓட ஓட சரியாயிடும்" என்று மெக்கானிக் சொன்னார்.

ஓட ஓட அது அதிகமாயிற்று. ஒரு தெரு தூரம் ஒரு நாளாகி, நாள் வாரமாகி, அடுத்த வருடம் மழையில் அவள் சொன்னது கோடையில் வந்தது. வண்டி நின்றால் குரலும் நின்ற இடத்தில் நின்றுவிடும், ஓடினால் நகரும். மற்றபடி வண்டியில் ஒரு குறையும் இல்லை, லிட்டருக்கு நல்ல தூரம் கொடுத்தது. அவர்களும் பழகிக்கொண்டார்கள். அவசரமென்றால் அவள் எட்டி அவர் தோளைத் தட்டுவாள். தோள் மட்டும் எப்போதும்போல் பக்கத்தில்தான் இருந்தது. ஒரு தட்டு என்றால் நிறுத்து, இரண்டு என்றால் மெதுவாகப் போ. மற்றதையெல்லாம் அவள் பேசிக்கொண்டே வந்தாள். உள் கண்ணாடியைப் பார்க்கும்போது உதடு அசைவது தெரியும். முறைப்படி அவர் உடனே கண்ணை எடுத்துவிடுவார்.

அவளுக்கு உடம்புக்கு வந்தது இதற்குப் பிறகு. ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அதே எதிர்மூலையில் தலையணை வைத்துக் கூட்டிப் போய்க் கூட்டி வந்தார். இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொன்ன அன்று மாலை, வாழ்நாளில் ஒரு திருப்பத்தையும் தவறவிடாத மனிதர் தன் வீட்டுத் திருப்பத்தைத் தாண்டிப் போய்விட்டார். கண்ணில் நீர் கட்டி ரோடு தெரியவில்லை. உள் கண்ணாடியில் அவள் உதடு அசைந்தது. தட்டவில்லை, கையைத் தூக்கத் தெம்பில்லை. என்ன கேட்கிறாள் என்று தெரியாமல் அவர் பதறிப்போய், அடுத்த சந்திப்பிலேயே வண்டியைத் திருப்பி வீட்டுக்குக் கொண்டுவந்தார். இறக்கும்போதே அவள் கண்ணை மூடியிருந்தாள். விடிவதற்குள் போய்விட்டாள்.

அந்த ஒரு பேச்சு அவரை அரித்தது. தண்ணீர் கேட்டாளா, வலிக்கிறது என்றாளா, திரும்ப ஆஸ்பத்திரிக்கே போகச் சொன்னாளா, அல்லது இத்தனை வருடம் ரோடு ஓட்டியவருக்கு வீட்டுக்கு வழி தெரியவில்லையே என்று நொந்துகொண்டாளா. பிறகு ஒருநாள் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். ஓட்டினால்தானே வந்து சேரும் என்று தையல்காரரிடம் சொன்னார். தையல்காரரும் அது சரிதான் என்றார்.

அதிலிருந்து தினமும் ஓட்டினார், அவள் பேசியதெல்லாம் பேசிய வரிசையிலேயே வந்தது. ஏசி வந்தது. தக்காளியை மறந்துவிட்டோம் என்பது வந்தது. அவர் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார், தக்காளி வாங்கிக்கொண்டும் வந்தார். ஒருநாள் மகளும் அவளும் பின்னால் உட்கார்ந்து சிரித்துக்கொண்டு வந்த பழைய பயணம் ஒன்று வந்து சேர்ந்தது. "அப்பாவுக்கு இன்னும் முதலாளியத்தான் கூட்டிட்டுப் போறதா நெனப்பு" என்றாள் மகள். "போகட்டும் விடு" என்றாள் மனைவி. "எனக்கு அவர் பக்கத்துல உக்காந்து போகணும்னுதான் ஆசை. சொன்னா அந்த மூஞ்சி வாடிடும். கதவைத் தொறந்து விடறப்ப பாத்திருக்கியா அந்த மூஞ்சிய?" டிரைவர் வண்டியை ஓரங்கட்டினார். ஹேண்ட் பிரேக்கைப் போட்டுவிட்டு, யார் பார்க்கிறார்கள் என்றுகூடப் பார்க்காமல் அழுதார். மரியாதை என்று நினைத்து அவளைத் தள்ளி உட்காரவைத்துவிட்டோமே என்று அவருக்கு நெஞ்சு வலித்தது. பிறகு முன் சீட்டிலிருந்த பை, குடை, தண்ணீர் பாட்டில், துடைக்கிற துணி எல்லாவற்றையும் எடுத்து டிக்கியில் போட்டுவிட்டு, அந்தச் சீட்டைக் கையாலேயே துடைத்தார். அன்றுமுதல் அதில் எதுவும் வைப்பதில்லை.

பேச்சு ஆஸ்பத்திரி நாட்களை நெருங்கியபோது இருமல் அதிகமாயிற்று. அதே சமயத்தில் டிரைவருக்குக் கண்ணும் மங்கத் தொடங்கியது. மகள் கண்ணாடிக் கடையில் பார்வை சோதிக்கிறவள், அவளிடம் மழுப்ப முடியவில்லை. நாற்காலியில் உட்காரவைத்து எழுத்துப் பலகையைக் காட்டினாள். அவர் முதல் வரியையே சாதுரியமாக ஊகித்துச் சொன்னார். "அப்பா, அங்க எழுத்தே இல்ல. நான் இன்னும் லைட்டப் போடல" என்றாள். சாவியை வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். வண்டியை விற்றுவிடலாம் என்றும் சொன்னாள். அவள் கெட்டவள் இல்லை, ஏற்கெனவே அம்மாவைப் பறிகொடுத்தவள், அப்பாவையும் ஏதாவது விளக்குக் கம்பத்துக்குக் கொடுக்க அவளுக்கு மனமில்லை.

"உங்கம்மா பேசி முடிக்கட்டும்மா. அப்புறம் வித்துடலாம்" என்றார் டிரைவர்.

மகள் கைப்பையிலிருந்து சாவியைத் திரும்ப எடுத்தாள். அன்றுமுதல் கடை மூடியதும் வந்து அவளே ஓட்டினாள். டிரைவர் பழக்கதோஷத்தில் பின் கதவைத் திறக்கப் போய், நின்று, முன் கதவைத் திறந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். வாழ்க்கையில் முதல் தடவை கையில் ஸ்டீயரிங் இல்லாமல் ரோட்டைப் பார்த்தார். இங்கிருந்து பார்த்தால் ஊர் அகலமாகத் தெரிகிறது என்றார். மகள் இண்டிகேட்டர் போட மறந்தபோதெல்லாம் வலது காலால் தரையை மிதித்தார். பின்னாலிருந்து இருமலும் முனகலும் வர வர இரண்டு பேரும் பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள். டாக்டரின் அறையிலிருந்து இறங்கி வந்து அவள் கடைசியாக வண்டியில் ஏறிய அன்றைய மூச்சுச் சத்தம் வந்தபோது, இனி ஒன்றுதான் பாக்கி என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. சீட் பெல்ட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

வீட்டுத் திருப்பம் கண்ணில் பட்டது. மகள் இண்டிகேட்டர் போட்டாள். அப்போது அது வந்தது. களைத்த குரல்தான், ஆனால் அதில் வலி இல்லை, குறையும் இல்லை.

"திருப்பம் போயிடுச்சு பாருங்க. போகட்டும், திருப்பாதீங்க. இப்படியே கொஞ்ச தூரம் போலாம். நல்லாத்தான் இருக்கு."

மகள் தந்தையைப் பார்த்தாள். டிரைவர் கன்னத்தைத் துடைத்துக்கொள்ளாமல் பின்பக்கம் திரும்பி, "சரிம்மா. போலாம்" என்றார். மகள் இண்டிகேட்டரை அணைத்தாள். வண்டி திருப்பத்தைத் தாண்டி, அன்று அவர் வண்டியைத் திருப்பிய சந்திப்பையும் தாண்டி நேரே போயிற்று. பெட்ரோல் விளக்கு எரியும்வரை அவர்கள் நிறுத்தவில்லை.

அதற்குப் பிறகு பின் சீட்டிலிருந்து எதுவும் வரவில்லை. டிரைவர் மேலும் சில வருடங்கள் மகளின் பக்கத்துச் சீட்டில் ஊர் பார்த்துவிட்டு, ஒருநாள் மத்தியானத் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார். சொன்னபடி வண்டியை விற்பதற்கு மகள் ஆள் பார்த்தாள். வாங்க வந்தவருக்கு ஓட்டிக் காட்டலாம் என்று மகள் கிளம்பியபோது பேச்சுத் துணைக்குத் தையல்காரரும் பின்னால் ஏறிக்கொண்டார். மேம்பாலத்தில் அவர் காதருகே, "குறைச்சிட்டேம்மா, இப்ப பரவால்லயா?" என்று டிரைவர் கேட்டார். தையல்காரர் மகளின் தோளை ஒரு தட்டு தட்டி, வண்டியை நிறுத்தவைத்து, கீழே இறங்கி வந்து விஷயத்தைச் சொன்னார். வாங்க வந்தவரை மகள் பஸ் நிலையத்தில் இறக்கிவிட்டாள். ஏசிக்கும் அந்தச் ‘சரி’க்கும் நடுவே அவர் சொன்ன பதில்கள் நிறைய இருக்கின்றன, தக்காளியே இன்னும் வரவில்லை. அதனால் மகள் ஞாயிற்றுக்கிழமைதோறும் வண்டியை எடுத்துக் கொஞ்ச தூரம் ஓட்டுகிறாள். கூடப் போகிறவர்கள் எதிர்மூலையை விட்டு ஒதுங்கியே உட்காருகிறார்கள்.