தையல் மிஷின் இழுத்த கேரவன்

என் புருஷன் ஆல்பியைச் செடுனா கேரவன் பார்க்கிலிருந்து திருப்பி அனுப்பியவன் டெஸ். அதை நான் மறக்கவில்லை. மறக்கிற உத்தேசமும் இல்லை.

மூன்று வருஷத்துக்கு முந்தைய ஜூன் மாதம் அது. கேரவன் என்கிற வீட்டு வண்டியைக் காரில் கட்டி இழுத்துப் போகிற எங்கள் சங்கத்து வண்டிகள் எட்டும் செடுனா ஊரில் கூடி, வரிசையாக நல்லர்போர் சமவெளியைக் கடந்து மேற்கே போவதாக ஏற்பாடு. வழியில் ஒரு கடலோரப் பாறை இருக்கிறது. எங்கள் ஊர்ப் பக்கம் ஜூன்தான் குளிர்காலம், அப்போது அதன் அடியில் திமிங்கிலங்கள் வந்து குட்டி போடும். ஆல்பிக்கு அதைப் பார்க்க வேண்டும். வேறு ஆசை என்று அந்த மனுஷனுக்கு எதுவும் கிடையாது. இதயம் பலவீனமாகிவிட்டது, போவதென்றால் இந்த வருஷமே போய்விடுங்கள் என்று டாக்டரும் சொல்லியிருந்தார்.

எங்களுடையது நாலு சிலிண்டர் கார். அதன் பின்னால், நிறுத்திய பிறகு கூரையை உயர்த்திக்கொள்கிற சின்னக் கேரவன். டெஸ்ஸுடையது எட்டு சிலிண்டர். பின்னால் அவன் இழுத்து வந்தது கேரவன் இல்லை, வீடு. வரிசைக்குத் தலைவனும் அவன்தான். எங்கள் வண்டியை ஒரு சுற்று சுற்றிக்கூடப் பார்க்கவில்லை. கையில் பியர் டின்னுடன் நின்ற இடத்திலிருந்தே தீர்ப்புச் சொல்லிவிட்டான்.

"தையல் மிஷினைக் கட்டி கேரவன் இழுக்க வந்திருக்கியா ஆல்பி? எதிர்காத்துல நீ ஊர்ந்தா உன் பின்னால நாங்க அத்தனை பேரும் ஊரணும். வீட்டுக்குப் போப்பா. படம் அனுப்புறோம்."

மடக்கு நாற்காலிகளில் உட்கார்ந்திருந்த எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். நானும்தான் வாயைத் திறக்கவில்லை. ஆல்பி சிரித்து மழுப்பிவிட்டு வண்டியைத் திருப்பினார். ஆகஸ்டில் கண்ணை மூடிவிட்டார். படம் ஒன்றும் வரவில்லை.

அந்த வருஷக் கடைசியில், நாலு சிலிண்டர் வண்டிகளை வரிசையில் சேர்க்கக் கூடாதென்று டெஸ் தீர்மானம் கொண்டுவந்தான். எஞ்சினைப் பார்த்து ஆளை ஒதுக்க முடியாது, வேண்டுமானால் எடையை வைத்து எழுதலாம் என்றார் செயலாளர் நீல். அதன்படி, அனுமதித்த எடைக்கு மேல் ஏற்றிய எந்த வண்டிக்கும் வரிசையில் இடமில்லை என்று விதி எழுதினார்கள். டெஸ் சந்தோஷமாகக் கையைத் தூக்கினான். எடை என்பது சின்ன வண்டிக்காரர்களின் தலைவலி என்று அவன் நினைப்பு. அந்த விதியைச் சங்கத்துக் கடிதத்தில் படித்த அன்றுதான் மூன்று மாதத்தில் முதல் தடவையாக வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

கேரவன் இழுக்கிற எங்கள் கூட்டத்துக்கு ஒரு வியாதி உண்டு. என் வண்டி மூன்றரை டன் இழுக்கும் என்று மார் தட்டுவோம். இழுக்கிற வண்டி, இழுபடுகிற வண்டி, அவற்றுக்குள் இருக்கும் ஆட்கள், மூட்டை எல்லாம் சேர்த்து வேறொரு வரம்பு இருப்பதை வசதியாக மறந்துவிடுவோம். ஆல்பி மறக்காதவர். குளியலறைத் தராசின் மேல் பலகை வைத்து, கேரவனின் கொக்கி எவ்வளவு அழுத்துகிறது என்று பார்த்த பிறகுதான் வண்டியை எடுப்பார். பின்பக்கம் கனத்தால் கேரவன் நாய் வாலாட்டுகிற மாதிரி ஆடும், கடைசியில் காரையும் சேர்த்துக் கவிழ்க்கும் என்பார்.

இந்த வருஷம் என் பெயரைக் கொடுத்தேன். அதற்கு முன் எட்டு மாதம் கால்பந்து மைதானத்தில் குப்பைத் தொட்டிகளை நட்டு வைத்து, கேரவனைப் பின்னால் எடுத்துப் பழகினேன். கெட்டில்வரை சமையலறைத் தராசில் எடை போட்டேன். தண்ணீர்த் தொட்டி பாதிதான். டின் உணவெல்லாம் சக்கரத்துக்கு நேர் மேலே. பக்கத்து இருக்கையில் ஆல்பியின் தொப்பி.

செடுனா பார்க்குக்குள் நுழைந்ததும் வழக்கம்போல எல்லோரும் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்கள், புதிதாக வந்தவள் பின்னால் எடுக்கத் திண்டாடுவதை வேடிக்கை பார்க்க. ஒரே மூச்சில் நேராக நிறுத்தினேன். இன்னும் அதே தையல் மிஷின்தானா கோரல் என்று டெஸ் கேட்டான். அதேதான் என்றேன், பல்லெல்லாம் தெரிய.

மறுநாள் காலைச் சாப்பாட்டுக்கு ஸ்பிரோ வந்து சேர்ந்தார். ஊர் ஊராகப் போய்க் கேரவன்களை எடை போடுவதுதான் அவர் தொழில். வரச் சொன்னது நான். நீலிடம் விதியை வாசித்துக் காட்டினேன். எழுதியது எழுதியதுதானே, போட்டுப் பார்த்துவிடலாம் என்றார்.

முதலில் என் வண்டி. வரம்புக்குள் இருந்தது, இன்னும் தொண்ணூற்றொரு கிலோ ஏற்றலாம். அந்தத் தொண்ணூற்றொன்று எனக்குத் தெரியும். ஆல்பியின் எடை. அதை மட்டும் வேறு எதனாலும் நிரப்ப எனக்கு மனம் வரவில்லை.

தன்னுடையதைப் போட வேண்டியதில்லை என்றான் டெஸ். தீர்மானம் கொண்டுவந்தவனே ஒதுங்கினால் எப்படி என்று நாற்காலிகளில் சிரிப்பு. போட்டார்கள். நானூற்றுப் பத்து கிலோ அதிகம். அதிலும் பெரும்பங்கு பின்பக்கம். இந்த நிலையில் வேகமெடுத்தால் உங்களோடு எதிரே வருகிறவனும் போவான் என்று ஸ்பிரோ அடித்துச் சொல்லிவிட்டார்.

டெஸ் என்னிடம் வந்தான். அவ்வளவு மெல்லிய குரல் அவனிடம் இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

"கோரல், இந்த ஒரு தடவை கண்டுக்காம விட்டுரு. நீ சொன்னா நீல் கேப்பான்."

"நீ கை தூக்குன சட்டம், டெஸ். நான் என்னத்தச் சொல்ல?"

சாமான்கள் இறங்க ஆரம்பித்தன. ஜெனரேட்டர், குளிர்பெட்டி, இரண்டு சைக்கிள், கட்டுக் கட்டாக விறகு, பெட்டி பெட்டியாக பியர். வரிசை எட்டு மணிக்குக் கிளம்பும், யாருக்காகவும் நிற்காது. அதுவும் அவன் போட்ட சட்டம்தான். வெட்கமே இல்லாமல் சந்தோஷப்பட்டேன். என்னிடமும் மடக்கு நாற்காலி இருந்தது. போட்டு உட்கார்ந்தேன்.

அப்போது டெஸ்ஸின் மனைவி ஹீதர் ஒரு பையோடு இறங்கி வந்தாள். அதிகம் பேசாதவள். ஸ்பிரோவின் தராசுப் பலகையில் பையோடு ஏறி நின்றாள். எண்பத்தாறு.

"உன் வண்டியில எனக்கு இடம் இருக்குதானே?" என்றாள்.

அது ஆல்பியின் இடம். இவளுக்கு எதற்கு? இவளும்தானே அன்று தரையைப் பார்த்தாள்? டெஸ் சாமான் இறக்கி முடித்ததும் அவனோடு வந்து பார்த்துக்கொள் என்றேன்.

"அவரோட ரெண்டு தடவை போயாச்சு. அந்தப் பாறைகிட்ட ஒரு தடவை கூட நிறுத்தல. இவ்வளவு பெரிய வண்டியத் திருப்புறது கஷ்டமாம். ஆல்பிக்குப் படம் வரலைன்னு நெனச்சிருப்ப. எடுத்திருந்தாத்தானே அனுப்ப?"

தான் நின்றுகூடப் பார்க்காத இடத்துக்கா என் புருஷனைப் போகவிடாமல் தடுத்தான்? தொப்பியை எடுத்து முன்கண்ணாடி ஓரம் வைத்துவிட்டு, கதவைத் திறந்தேன்.

ஏழு வண்டிகளும் கிளம்பின. என்னுடையது கடைசி. விறகுக் குவியலுக்கு நடுவே டெஸ் வண்டிக்கு வண்டி பேசிக்கொள்கிற ரேடியோவும் கையுமாக நிற்பது கண்ணாடியில் தெரிந்தது.

"ஹீதர், எங்க இருக்க? எங்க போற நீ?"

மைக்கை எடுக்கக் கை நீட்டினேன். மூன்று வருஷமாக மனப்பாடம் செய்து வைத்திருந்த வாக்கியம் தொண்டை வரை வந்துவிட்டது. அதற்குள் ஹீதர் மைக்கை எடுத்துக்கொண்டாள்.

"வீட்டுக்குப் போ டெஸ். படம் அனுப்புறோம்."

என் வாயிலிருந்து பிடுங்கியதுபோல இருந்தது. கோபத்தோடு திரும்பிப் பார்த்தேன். மைக்கை மாட்டிவிட்டு, அதே வாக்கியத்தை இன்னொரு தடவை தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். அவளும் அந்த வாக்கியத்தை அன்றிலிருந்தே வைத்திருந்தாள் போலிருக்கிறது. கியரை மாற்றினேன்.