கட்டத்தில் அடங்காத காரணம்

காலையிலேயே வாலு துணிப்பையோடு வகுப்பில் வந்து நின்றாள். தற்காலிகமாகத் தங்கவைத்திருந்த வீட்டிலிருந்து தன் உடுப்பையெல்லாம் வாரிச் சுருட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

"சாயங்காலம் அப்பா வீட்டுக்குப் போறேன் டீச்சர். நீங்க நல்லா எழுதியிருக்கீங்கன்னு அப்பா சொன்னாரு."

டீச்சருக்குப் பெருமை பிடிபடவில்லை. வாலுவைப் பற்றி எழுதிய அந்த அறிக்கைக்காக அவள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமா? தாயில்லாத பிள்ளை. அப்பா பஸ் டிரைவர். இரண்டு தடவை இருட்டும்வரை பிள்ளையைக் கூட்டிப்போக வரவில்லை என்று பள்ளிக்கூடம் புகார் கொடுக்க, பிள்ளையை வேறு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். திருப்பி அனுப்புவதா வேண்டாமா என்று முடிவு செய்யத்தான் இன்றைய குழந்தைப் பாதுகாப்புக் கூட்டம்.

அறிக்கையைக் கூட்டத்துக்கு முன்பே பெற்றவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும் என்பது விதி. மற்றவர்கள் அதைக் காற்றில் பறக்கவிட்டார்கள். டீச்சர் மட்டும் பஸ் டிப்போவுக்கே போய், பழைய டயர்களுக்குப் பக்கத்தில் நின்று வாசித்தாள். அவர் ஒரு வரியைக்கூட அடிக்கச் சொல்லவில்லை.

"நான் வராதது உண்மைதான், போடுங்க. ஆனா ஏன் வரலைன்னும் போட்டுருங்க."

போடாமலா? மாற்று டிரைவர் வரவில்லை, ஆட்களோடு பஸ்ஸை நடுவழியில் விட்டுவிட்டு வர முடியவில்லை, பள்ளி ஆபீஸில் போனை யாரும் எடுக்கவில்லை, இப்போது காலை ஷிப்டுக்கு மாறிவிட்டார், ஆத்திர அவசரத்துக்கு அத்தை இருக்கிறாள். எல்லாம் இருந்தது. நடந்தது முதலில், காரணம் பிறகு என்று பயிற்சியில் சொல்லிக்கொடுத்த வரிசையில் எழுதி, கணினியில் படிவத்தின் கட்டத்துக்குள் ஒட்டி அனுப்பினாள். 'பெற்றுக்கொண்டோம், நன்றி' என்று திரையில் பச்சை எழுத்தில் வந்தது. அவளும் நம்பித் தொலைத்தாள்.

கூட்டத்தில் தலைவி வாசித்தார்: "'இரண்டு மாலைகள் தந்தை வரவில்லை. குழந்தை வாசலில் அழுதுகொண்டிருந்தாள். இதற்குக்...' இவ்வளவுதான் இருக்கு."

"இவ்வளவுதான் இல்லை மேடம்! அதுக்கப்புறம்தான் முக்கியமானதே!"

"கட்டத்துல இத்தனை எழுத்துதான்னு மேலேயே போட்டிருக்குமே," என்றார் சமூகப் பணியாளர், தலையை நிமிர்த்தாமல்.

மீதியைச் சத்தமில்லாமல் விழுங்கிவிட்டு நன்றி வேறு சொல்லியிருக்கிறது, பாழாய்ப்போன கட்டம்!

அப்பா டீச்சரைப் பார்த்தார். "வாசிச்சுக் காட்டினப்ப இருந்துச்சே டீச்சர்." அவள் கொடுத்த பிரதியைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து நீட்டினார்.

தலைவி அதை வாங்கவில்லை. "எல்லாரும் முன்னாடியே பார்க்காத தாளை வெச்சு முடிவெடுக்க முடியாது. விதி அப்படி."

"பார்க்க வேண்டியவர் பார்த்துட்டாரே! பார்க்காதது நீங்கதானே? அரைப் பக்கம் மேடம், இப்பவே படிச்சுடலாம்."

"உங்க ஆதங்கம் புரியுது. அடுத்த மாசம் வெச்சுக்கலாம்."

அதற்குள் டீ வந்தது. ஆற அமர டீ குடிக்க நேரமிருந்தது, அரைப் பக்கம் படிக்க நேரமில்லை! டீச்சருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர்கள்மீது பாதி, தன்மீது பாதி. அனுப்பிய பிறகு ஒரு தடவை திறந்து பார்த்திருந்தால் என்ன, கை தேய்ந்தா போயிருக்கும்?

வெளியே வந்ததும் அப்பா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. தாளை மடித்து அவள் கையில் கொடுத்தார்.

"அடுத்த தடவை ஏன்ங்கிறதை முதல்ல போட்டுருங்க டீச்சர்."

பள்ளிக்கூடம் விட்டு நேரமாகியிருந்தது. வாலு வாசற்படியில், மடியில் துணிப்பையோடு உட்கார்ந்திருந்தாள். டீச்சர் தனியாக வருவதைப் பார்த்ததும் அவள் முகம் சுருங்கியது.

"அப்பா இன்னைக்கும் லேட்டா டீச்சர்?"

டீச்சர் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இல்லடா கண்ணு. அப்பா நேரத்துக்கு வந்துட்டாரு. நாங்கதான் லேட்டு."