இறங்கு வரிசையில் உலகம்மை

1

ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை உலகம்மையைக் கேலி செய்யத்தான் தொடங்கப்பட்டது. கல்லூரி மலரில் வருடத்துக்கு ஒருவரை வாருவது என் கைங்கர்யம்.

[முதல் தொடக்கம்: "நூற்றுக்கு நூறு வரும் என்று மேலகரம் முழுக்கச் சொல்லித் திரிந்த ஒரு" அடித்துவிட்டேன். காரணம் மூன்றாம் பகுதியில்.]

2

வேலைக்கான தேர்வை எங்கள் வகுப்பில் அறுபத்து நான்கு பேர் எழுதினோம். மதிப்பெண்கள் இருந்த கணினிக் கோப்பை வல்லிநாயகம் சார் என்னிடம் தந்தார்.

"ஏலே, கூடுன மார்க்குலேர்ந்து அடுக்கி, முதப் பத்துப் பேர மட்டும் குடு. கம்பெனிக்கு அது போதும்."

இறங்கு வரிசைக்கு sort -r, முதல் பத்துக்கு head. ஒரே வரிக் கட்டளை. பத்துப் பெயர்கள் வந்து விழுந்தன. பத்தாவது நான். பத்துப் பேருக்கும் வேலை.

குற்றாலம் பஸ்ஸில் உலகம்மை கேட்டாள்: "என் பேரு இல்லையாலே? நல்லாத்தான எழுதுனேன்."

"ஏட்டி, கடைசிலேர்ந்து தேடிப் பாரு."

சிரித்தாள். வேலை கிடைக்காவிட்டால் பாவூர்சத்திரம் காய்கறி மண்டியில் பில் போடப் போவதாக வீட்டில் வாக்குக் கொடுத்திருந்தாள். போனாள்.

3

கேலிக்குத் துல்லியம் முக்கியம். அவள் வாங்கியது எவ்வளவு என்று பார்க்க, போன வாரம் முழுப் பட்டியலையும் திறந்தேன். கடைசி வரியில் இருந்தாள்.

100 உலகம்மை.

அவளுக்கு மேலே, 34 வாங்கிய ஜோஷ்வா.

(குறிப்பு: இவை எண்கள் என்று கட்டளையில் சொல்லாவிட்டால், கணினி அவற்றை எழுத்துகளாகப் படிக்கும். முதலில் நிற்கும் இலக்கத்தை ஒப்பிடும்: 3 பெரிது, 1 சிறிது. மற்ற எல்லாருக்கும் இரட்டை இலக்கம், அதனால் ஒழுங்காக நின்றார்கள். நூறு வாங்கியது அவள் ஒருத்திதான்.)

சரியாக அடுக்கினேன். அவள் முதல். நான் பதினொன்று.

4

முடிவு அ: சாரிடம் சொல்கிறேன். "ஒனக்கு ஆர்டர் வந்த பொறவா வந்து சொல்லுத?" என்கிறார். (கற்பனை. இன்னும் சொல்லவில்லை.)

முடிவு ஆ: அவள் மன்னிக்கிறாள். நான்கு முறை எழுதினேன். நான்கிலும் என்னைப் போலவே பேசினாள்.

முடிவு இ: நேற்று நடந்தது. போன் செய்தேன். பின்னால் லோடு இறங்கும் சத்தம்.

"என்னலே, என்னைக்குச் சேருத?"

"திங்கக்கிழம. உலகம்மை, ஒம் மார்க்கு..."

"அத விடுலே. எனக்கு அவ்வளவுதான் வரும்னு தெரிஞ்சு போச்சு. நீயாவது நல்லாரு."

வைத்துவிட்டாள்.

[இல்லை. வைத்தது நான்.]

5

மறுபடி போன் செய்ததாக ஒரு வரி எழுதி முடிக்கலாம். எழுதினால் செய்துவிட்டதாகவே எனக்குத் தோன்றிவிடும்.

மலர் வெளிவர ஒரு மாதம் ஆகும். அதற்குள் நான் வேலைக்குப் போயிருப்பேன். ஆகவே, வாசகரே, பாவூர்சத்திரம் பக்கம் போனால் பில் போடுகிற பெண்ணிடம் நூறு என்று சொல்லுங்கள். யார் சொன்னது என்று கேட்பாள். பதினொன்றாவது ஆள் என்று சொல்லுங்கள். அதன் பிறகு அவள் என்ன சொல்கிறாளோ, அதை இங்கே எழுதிக்கொள்ளுங்கள்: